கரமனைக்குப் போன சிறுவாணி

ஊர்ப் பெருமைகளிலேயே ஆபத்தானது தண்ணீர்ப் பெருமைதான். கோயிலைப் பற்றி அளந்தால் போட்டோ காட்டித் தப்பிக்கலாம். அல்வாவைப் பற்றி அளந்தால் கால் கிலோ வாங்கி வந்து வாயை அடைக்கலாம். தண்ணீருக்கோ நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த இல்லாத மூன்றும் எங்கள் ஊர்த் தண்ணீரில் மட்டும் இருக்கிறது என்று நிரூபிக்கக் கிளம்புகிறவன் அடிபடாமல் திரும்புவது கஷ்டம்.

நான் கோயம்புத்தூர்க்காரன். (இதைச் சொல்லும்போது என் கழுத்து அரை அங்குலம் நீளும் என்பது மனைவியின் கண்டுபிடிப்பு.) சிறுவாணித் தண்ணீர் உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று எங்கள் ஊரில் பிறக்கும் குழந்தைக்குக் காது குத்துவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். முதலாவது எது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எதற்கு வீணாக மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

இந்த நாக்கோடு நான் படிக்கவும் வேலைக்கும் ஊர் ஊராகப் போனேன். சென்னை விடுதியில் குளித்தால் சோப்பு நுரைக்காது. பல் தேய்த்துக் கொப்பளித்தால் மெரினாவில் அலை முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். ராமநாதபுரம் நண்பன் வீட்டில் டீ கொடுத்தார்கள். சர்க்கரையையும் உப்பையும் யாரோ ஒரே நேரத்தில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து மரியாதைக்காகக் குடித்து முடித்தேன். அவன் அம்மா, "இன்னைக்குத் தண்ணி பரவாயில்லப்பா" என்றார். பெங்களூரில் லாரித் தண்ணீரில் தலைக்குக் குளித்து, என் முன்னந்தலையின் ஒரு பகுதியை அந்த நகரத்துக்கே தானமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாய் குடித்ததும் கண்ணை மூடி, தலையை இடமும் வலமும் ஆட்டி, "எங்க ஊருல…" என்று ஆரம்பித்துவிடுவேன். அதைக் கேட்டவர்கள் யாரும் என்னை அடிக்கவில்லை என்பதை வைத்தே தமிழ்நாடும் கர்நாடகமும் எவ்வளவு நாகரிகமான இடங்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

பிறகு திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தது. கழக்கூட்டத்தில் ஆபீஸ். ரயிலை விட்டு இறங்கி, தம்பானூரில் ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். ஆவி பறக்கும் வெந்நீரை டம்ளரில் ஊற்றினார்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. பரிமாறியவரைக் கூப்பிட்டு, பைப் துருப்பிடித்திருக்கிறது, மேனேஜரிடம் சொல்லுங்கள் என்று அறிவுரை வழங்கினேன். அவர் நாகர்கோவில்காரர். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அண்ணே, துரு இல்ல. பதிமுகம்னு ஒரு மரக்கட்டையாக்கும். அதப் போட்டுக் கொதிக்க வச்ச வெள்ளம். ஒடம்புக்கு நல்லது, குடியுங்க."

குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும், "எங்க ஊருல…" என்று ஆரம்பித்தேன். அவர் சாம்பார் எடுக்கப் போய்விட்டார்.

ஆபீஸில்தான் வித்யாவைச் சந்தித்தேன். ஊருக்குள்ளேயே, கரமனை ஆற்றங்கரை அக்ரஹாரத்துப் பெண். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபத்தில் இரண்டும் பேசுவாள். எங்கள் காதலைப் பற்றி இங்கே விவரிக்கப் போவதில்லை. என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, அவள் வீட்டில் வெங்காயத்துக்கே யோசனை என்று மட்டும் சொன்னால் மீதி உங்களுக்கே புரியும். கல்யாணம் இரண்டு பக்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரிஜிஸ்தர் ஆபீஸில் சின்னதாக நடந்தது. அவள் உறவுக்காரர்கள் பெரும்பாலும் வரவில்லை. அவள் அப்பா ராமநாதன் மாமா வந்தார், வாழ்த்தினார், அளவாகச் சிரித்தார். என்னை வெளியாட்களிடம், "இது கார்த்திகேயன். வித்யாவோட ஹஸ்பெண்ட்" என்று அறிமுகப்படுத்துவார். அது உண்மைதான். ஆனால் ஏதோ வித்யா ஆபீஸிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பை அறிமுகப்படுத்துகிற மாதிரி இருக்கும்.

ராமநாதன் மாமா குடிநீர் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த நகரத்தின் குழாய்களுக்குத் தண்ணீர் அனுப்புவதிலேயே வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவர். எந்தத் தெருவில் எந்த வால்வு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மாமியார் கொண்டுவந்த காப்பியை ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினேன்.

"என்ன மாப்பிள்ளை, காப்பி சரியில்லையா?" என்றார் மாமியார்.

"காப்பி அருமைங்க அத்தை. தண்ணிதான் லேசா…"

வித்யா என் காலை மிதித்தாள். "கார்த்தி, ஒண்ணும் மிண்டாம இரு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. (மிண்டாமல் என்றால் வாயைத் திறக்காமல். எனக்கு அப்போது மலையாளம் சரியாக வராது. வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.)

"லேசா?" என்றார் மாமனார், பேப்பரைக் கீழே வைத்துவிட்டு.

"குளோரின் வாசம் தெரியுதுங்க மாமா."

"ஆமா, தெரியும். நான் போடச் சொன்ன குளோரின்தான் அது. அது இருக்கறதுனாலதான் இந்த ஊர்ல ஜனங்க வயத்தப் பிடிச்சுக்காம ஆபீஸ் போறா, கேட்டேளா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கோயம்புத்தூரின் மானம் என் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதே பொடி, இதே பால், இதே அத்தை கை. தண்ணி மட்டும் சிறுவாணியா இருந்தா இந்தக் காப்பி எங்கயோ போயிருமுங்க மாமா."

மாமியாரின் காப்பிக்கு அந்தத் தெருவே அடிமை என்பதை வித்யா பிறகு சொன்னாள். ஒரே வாக்கியத்தில் நான் மாமனாரின் உத்தியோகத்தையும் மாமியாரின் சமையலறையையும் சேர்த்துக் கவிழ்த்திருந்தேன்.

மாமனார் மெல்லச் சிரித்தார். "சரி. அடுத்த மாசம் என் சஷ்டியப்தபூர்த்தி வரது. பந்துக்கள் எல்லாரும் வரா. காப்பி உங்க ஊர் ஜலத்துலயே போட்டுடலாம். கொண்டு வரேளா?"

அது கிண்டல் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது, என்னைத் தவிர.

"கண்டிப்பாக் கொண்டு வர்றேனுங்க மாமா!" என்றேன்.

என்னுடைய கணக்கு இதுதான். அறுபதாம் கல்யாணத்துக்கு, எங்கள் கல்யாணத்துக்கு வராத அத்தனை பேரும் வருவார்கள். என்னை முதல்முதலாகப் பார்க்கப் போகிறார்கள். யார் இந்தப் பையன் என்று கேட்பார்கள். அப்போது ஒரு மாமி, "இந்தக் காப்பிக்கு ஜலம் கொண்டு வந்தானே, அவன்தான்" என்று சொல்ல வேண்டும். சாதி, குலம், கறிக்குழம்பு எல்லாவற்றையும் அந்த ஒரு டம்ளர் காப்பியில் கரைத்துவிடுவது என்று திட்டம். இப்போது யோசித்தாலும் திட்டத்தில் கோளாறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவையும் அப்பாவையும் அழைத்துவரப் போனபோது, மூடி போட்ட பெரிய வெள்ளை கேன்கள் மூன்று வாங்கினேன். எங்கள் வீட்டு வாசல் குழாயில் தண்ணீர் வந்ததும், கேன்களை நாலு முறை அலசி நானே நிரப்பினேன். மோட்டார் பம்பு ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் அப்பா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"ஏங்கண்ணு, வருசம் பூரா மழை பேயற ஊருக்குத் தண்ணி கொண்டுட்டுப் போறயா?"

"மழை வேறப்பா, ருசி வேற."

"சம்பந்தி வீட்டுக்குப் பழம் கொண்டுட்டுப் போவாங்க, துணிமணி கொண்டுட்டுப் போவாங்க…" என்று அம்மா இழுத்தார்.

"இது அதுக்கெல்லாம் மேலம்மா."

ரயிலில் அந்த மூன்று கேன்களையும் இருக்கைக்கு அடியில் தள்ளியதில், எதிரே இருந்த குடும்பத்தின் செருப்புகள் எங்கே போயின என்று கடைசி வரை தெரியவில்லை. காலையில் தம்பானூரில் இறங்கினோம். இரண்டு கேன்களை நானும் ஒன்றை அப்பாவும் தூக்கிக்கொண்டு வெளிவாசலுக்கு வந்தோம். தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. ஆனாலும் வெற்றி வீரன் மாதிரிதான் நடந்தேன்.

எல்லை தாண்டிச் சாராயத்துக்கான ஸ்பிரிட் கடத்துகிறவர்கள் இந்த மாதிரி வெள்ளை கேன்களில்தான் கொண்டு வருவார்கள் என்பது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் விளையாட்டுப் பக்கம் மட்டும் படிப்பவன்.

வாசலில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். கேனை லத்தியால் தட்டினார்.

"இது எந்தா?"

"வெள்ளம், சாரே" என்றேன், எனக்குத் தெரிந்த மலையாளத்தில்.

"எந்து வெள்ளம்?"

"குடிக்கிற வெள்ளம்."

அவர் முகம் மாறியது. தண்ணீருக்கு மலையாளத்தில் வெள்ளம் என்று பெயர். குடிகாரன் குடிப்பதற்கும் அங்கே அதுதான் பெயர் என்பது எனக்குத் தெரியாது. சரி, தமிழில் விளக்கிவிடலாம் என்று, "தண்ணி சார், தண்ணி! பங்ஷனுக்குத் தண்ணி!" என்றேன். தமிழ்ப் படம் பார்க்காத மலையாளி உண்டா? அவர் திரும்பி, கொஞ்சம் தள்ளி நின்ற மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

கூட்டம் கூடியது. அப்பா கையிலிருந்த கேனைக் கீழே வைத்துவிட்டு நாலடி தள்ளிப்போய், ரயில் நேர அட்டவணையைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். அம்மாதான் முன்னால் வந்தார்.

"ஏனுங் சார், எம்பையன் காப்பியத் தவிர எதுவும் தொட மாட்டானுங். அந்தக் காப்பிக்குத்தானுங் இது."

அதிகாரிக்கு ஓரளவு தமிழ் தெரிந்திருந்தது. மரியாதையாகவே கேட்டார். "காப்பிக்கா? கோயம்புத்தூருலேர்ந்தா? ஏன், கேரளத்துல வெள்ளம் இல்லியா?"

"இருக்கு சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா டேஸ்ட் இல்ல."

சுற்றி நின்ற கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார். இந்தப் பதிலுக்காகவே என்னை உள்ளே தள்ளியிருந்தால், நீதிமன்றமும் அவர்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கும்.

அதிகாரி ஒரு கேனைத் திறக்கச் சொன்னார். முகர்ந்து பார்த்தார். மூடியில் கொஞ்சம் ஊற்றி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு மூடியோடு அண்ணாந்து குடித்தார். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது.

"வெறும் வெள்ளமாணு" என்றார். எல்லோருக்கும் ஏமாற்றம்.

"வெறும் வெள்ளம் இல்ல சார்!" என்று கத்திவிட்டேன். "சிறுவாணி!"

"சிறுவாணியோ?" அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "அந்த அணை பாலக்காட்டிலல்லே? நம்முடெ வெள்ளம் நமக்குத் தன்னே கொண்டு வந்நோ?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் ஊர்ப் பெருமையின் அணைக்கட்டு கேரளத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் நினைவில் வைத்துக்கொள்ளாதது. எல்லாக் கோயம்புத்தூர்க்காரர்களும் அப்படித்தான். (சந்தேகமிருந்தால் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள்.)

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "சாரே, அது என்றெ மருமகனாணு."

ராமநாதன் மாமா. சம்பந்திகளை அழைத்துப்போகக் காரோடு வந்தவர், கைகட்டி நின்று முழுவதையும் பார்த்திருக்கிறார். டேஸ்ட் இல்லை என்று நான் சொன்னதையும் கேட்டிருக்கிறார். எனக்குத் தரையில் பிளவு ஏதாவது தென்பட்டால் போதும், கேனோடு இறங்கிவிடலாம் என்றிருந்தது. காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அவர் என்னை மருமகன் என்று சொன்னது உறைத்தது. அதுவரை சொன்னதில்லை. அதைச் சொல்ல வேண்டிய முதல் சந்தர்ப்பம் போலீஸிடம் ஜாமீன் கொடுக்கிற மாதிரி அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் விழா. தெருமுனையில் இருந்த சின்ன மண்டபத்தில் சொந்தக்காரர்கள் நிரம்பி வழிந்தார்கள். நான் பட்டு வேட்டியில், விடிந்தும் விடியாததுமாகச் சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். காப்பி வந்தது. நானே ஒரு தட்டைப் பிடுங்கிக்கொண்டு வரிசையாகக் கொடுத்தேன். கொடுக்கும்போதெல்லாம், "சிறுவாணித் தண்ணிங்க" என்று காதோடு சொன்னேன்.

"பேஷ்! நன்னாருக்கே!" என்றார்கள் மாமிகள். எனக்குக் கழுத்து அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று நீண்டுகொண்டே போனது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மாமனாரின் தம்பி சங்கரன் சித்தப்பா மட்டும் மசியவில்லை. தாமிரபரணிக்காரர்.

"காப்பி நன்னாத்தான் இருக்கு. ஆனா எங்க தாமிரபரணிக்கு…" என்று கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா?

பிறகு அபிஷேகம். மணையில் மாமனாரையும் மாமியாரையும் உட்கார வைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, மந்திரம் சொல்லி வைத்த கலசத் தண்ணீரை உறவினர்கள் ஒவ்வொருவராக ஊற்றினார்கள். "மாப்பிள்ளை, வாங்கோ" என்று சாஸ்திரிகள் கூப்பிட்டார். பின்வரிசை மாமிகள் எட்டிப் பார்த்தார்கள். நான் போனேன். ஒரு குடத்தைக் கையில் கொடுத்தார். நிறையவே ஊற்றினேன். மாமனார் கண்ணை மூடி, கைகூப்பி உட்கார்ந்திருந்தார். ஏன் மற்றவர்கள் ஊற்றியபோது இல்லாமல் நான் ஊற்றியபோது மட்டும் சிரித்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

புதுப் புடவையும் வேட்டியும் உடுத்தி இருவரும் வந்து உட்கார்ந்ததும், என் வாழ்க்கையின் உச்சகட்டம் வந்துவிட்டதாக முடிவு செய்தேன். மாமனாருக்கு நானே காப்பியை எடுத்துக்கொண்டு போனேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இப்பச் சொல்லுங்க மாமா."

அவர் நிதானமாக ஆற்றி, ஒரு வாய் குடித்தார். "பிரமாதம்" என்றார்.

நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். யாரும் கேட்காமலே ஒரு சிறு சொற்பொழிவு நிகழ்த்தினேன். மலையிலிருந்து இறங்கும் நீர், மூலிகை, காற்று, மண்ணின் குணம் என்றெல்லாம் வந்ததாக ஞாபகம். "இதில் குளோரின் வாசம் யாருக்காவது தெரியுதுங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கையை விரித்துக் காட்டினேன். வித்யா தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மாமியார்தான் மெல்ல ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்கப்படாது. இது நம்மாத்துக் கொழா ஜலம்."

எனக்கு முதலில் புரியவில்லை. "கரமனையா?"

"கரமனைதான். காலம்பர நானே பிடிச்சுக் கொடுத்தேன்."

"அப்ப… என் தண்ணி?"

மாமியார் திரும்பி மாமனாரின் ஈரத் தலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நெற்றியில் ஒரு சொட்டு இறங்கி, மூக்கு நுனியில் நின்று, கீழே விழுந்தது.

"கலசத்துக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்றார் மாமனார். "நேத்து ஸ்டேஷன்ல பார்த்தேன். தோள் ரெண்டும் தொங்கறது, ஊரே சிரிக்கறது, கேனைக் கீழ வைக்க மாட்டேங்கறேள். எனக்காக இப்படி யாரும் ஜலம் சுமந்ததில்லை. அதப் போய்க் காப்பில கலந்து குடிச்சுட்டு மறந்து போறதா? தலையில விட்டுக்கணும்னு தோணித்து."

இதைவிட நல்ல இடத்தில் இந்தக் கதையை யாரும் முடித்திருக்க முடியாது. ஆனால் அங்கே என் அப்பா இருந்தார்.

சாஸ்திரிகள் நெகிழ்ந்துபோய், "சிறுவாணி தீர்த்தத்துல அபிஷேகம், அபூர்வம்!" என்று பாராட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"சாமி காரியத்துல பொய்ப்பேரு இருக்கக் கூடாதுங்க. அது சிறுவாணி இல்லீங்க."

"அப்பா!"

"நாங்க ஊருக்குக் கெழக்காலைங்க. எங்க பக்கம் வர்றது பில்லூர்த் தண்ணிங்க. பையன் படிக்கப் போனப்பவே மாத்திட்டாங்க."

முதலில் சங்கரன் சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பு பக்கத்திலிருந்த மாமிக்குத் தொற்றி, மாமியிடமிருந்து நாதஸ்வரக்காரருக்குப் போய், அவர் வாயிலிருந்து சீவாளியே நழுவியது.

"ஏம்ப்பா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்றேன் அழாத குறையாக.

"நீ எங்கடா கேட்ட? லீவுக்கு வர்றப்பல்லாம் ஒரு சொம்பு குடிச்சுட்டு, 'ஆகா, சிறுவாணி சிறுவாணிதான்'ங்குவ. சந்தோசமா இருக்கறவன எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டேன்."

ஆக, கரமனைத் தண்ணீரைச் சிறுவாணி என்று புகழ்ந்தவன், அதற்கு முன் பல ஆண்டுகள் பில்லூரைச் சிறுவாணி என்று புகழ்ந்திருக்கிறான். என் நாக்குக்கு அந்த மண்டபத்தில் இனி எந்த மதிப்பும் இல்லை. வந்திருந்த அத்தனை உறவினர்களுக்கும் நான் யார் என்பது இப்போது தெரிந்துவிட்டது. திட்டமிட்டது நடந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

மாமனார் கையை உயர்த்தினார். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

"சம்பந்தி, பில்லூர் அணை எந்த ஆத்துல இருக்கு?"

"பவானியிலைங்க."

"சிறுவாணி ஆறு எங்க போய்ச் சேர்றது?"

அப்பா யோசித்தார். பம்பு ரிப்பேர் செய்கிறவர், ஆறுகளை ரிப்பேர் செய்ததில்லை.

"அதுவும் பவானியிலதான் சேர்றது" என்றார் மாமனார், கூடத்தைப் பார்த்து. குரலில் பழைய உத்தியோக மிடுக்கு வந்திருந்தது. "அட்டப்பாடியில. அதுக்கும் கீழதான் பில்லூர். அப்போ பில்லூர் ஜலத்துல சிறுவாணியும் உண்டு. என் மாப்பிள்ளை சொன்னதுல ஒரு தப்பும் இல்லை. கூட பவானியையும் சேர்த்துக் கொண்டு வந்திருக்கார். ரெண்டு நதி, கேட்டேளா!"

சங்கரன் சித்தப்பாவே கை தட்டினார். என் கழுத்து, கூனிப் போயிருந்த இடத்திலிருந்து மெதுவாகக் கிளம்பி, பழைய இடத்துக்கு வந்து, அதையும் தாண்டியது. அறுபது வயது நிறைந்த ஒரு குடிநீர் இன்ஜினீயர், நிறைந்த சபையில், ஈரத் தலையோடு எனக்காக ஆற்றைத் திருப்பி விட்டிருக்கிறார். இப்படி ஒரு மாமனார் எத்தனை பேருக்கு வாய்ப்பார்?

அன்றைய பந்தியில் என்னை மாமனாருக்குப் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்கள். இலையோரம் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்கள். நான் குடித்தேன். கரமனைத் தண்ணீர். நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், நன்றாக இருந்தது. கண்ணை மூடவில்லை, தலையையும் ஆட்டவில்லை. மாமனார் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஜலம்?" என்றார். "ஊத்துங்க மாமா" என்றேன்.

இப்போது கரமனையிலேயே, மாமனார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். ஆபீஸுக்கு விருந்தாளிகள் வெளியூரிலிருந்து வந்தால், அவர்களுக்கு இந்த ஊர்த் தண்ணீரின் அருமையை எடுத்துச் சொல்வது நான்தான். வித்யா தலையில் அடித்துக்கொள்கிறாள். பெருமை என்பது ஒரு பழக்கம். ஊர் மாறினால் விலாசத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

அந்தக் குடும்பம் அந்த நாளை மறக்கவில்லை. அதற்கு முழுப் பொறுப்பும் சங்கரன் சித்தப்பாவுடையது. விழா முடிந்து விடைபெறும்போது நான் அவருக்கு வழியில் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "மாப்பிள்ளை, இது தலைக்கா, காப்பிக்கா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணத்துக்கோ சீமந்தத்துக்கோ நான் நெய் கொண்டு போனாலும், பாயசத் தூக்கோடு போனாலும், மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நடந்தாலும், ஏதாவது ஒரு மூலையிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிடும். என் பெயரே தெரியாத தூரத்துச் சொந்தக்காரர்களுக்குக்கூட அந்தக் கேள்வி தெரியும்.

போன வாரம் மகளுக்கு இருமல். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கி வந்தேன். எல்.கே.ஜி. படிக்கிறாள். அந்த விழா நடந்தபோது பிறக்கவே இல்லை. நான் பாட்டிலைக் குலுக்கி, ஸ்பூனில் ஊற்றி நீட்டியதும், ஸ்பூனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இருமலுக்கு நடுவே, மிகவும் பொறுப்பாகக் கேட்டாள்.

"அப்பா, தலைக்கா, காப்பிக்கா?"